ஒரே 1498 சிசி, இரண்டு விதமான மூச்சு: டர்போவா, என்.ஏ.வா?

மதுரை காளவாசல் டீக்கடையில் என் சித்தி மகன் இரண்டு ஆர்சி நகல்களை மேஜையில் விரித்தான். ஒன்று ஹோண்டா சிட்டி, இன்னொன்று ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜிடி. இரண்டும் 2023 மாடல், இரண்டும் பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், செகண்ட் ஹேண்டில் கைக்கு எட்டுகிற விலை. அவனுக்கு வேகமாகப் போகிற வண்டி வேண்டும். சும்மா ஆபீஸ் போய்வர என்றால் என்னிடம் வந்திருக்க மாட்டான்.

"அண்ணே, ரெண்டுலயும் 1498 சிசின்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் நாலு சிலிண்டர். அப்புறம் எப்படிண்ணே ஒண்ணு 121 குதிரைத்திறன், இன்னொண்ணு 150?"

நல்ல கேள்வி. பவர் வண்டி வாங்க நினைக்கிற யாருக்கும் முதலில் விளங்க வேண்டியது இதுதான். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் இன்ஜெக்டர் பீய்ச்சிவிடும். அதை எரிக்கக் காற்று வேண்டுமே? ஒரு கிராம் பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. ஆகவே ஓர் எஞ்சினின் பலம் என்பது அது விழுங்கும் காற்றின் எடைதான். சிட்டியில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தானாக உள்ளே வந்து நிரம்புகிறது. அதைத் தள்ளுவது நம்மைச் சுற்றியிருக்கிற வளிமண்டல அழுத்தம் மட்டுமே, சுமார் 1 பார். அதற்கு மேல் தள்ள ஆளில்லை. இப்படி இயல்பாக மூச்சிழுக்கும் எஞ்சினைத்தான் நேச்சுரலி ஆஸ்பிரேட்டட் என்கிறோம், சுருக்கமாக என்.ஏ.

விர்டுஸில் இருப்பது டர்போ. டர்போ என்பது உலைக்கு வைத்த துருத்தி. கொல்லன் பட்டறையில் கரியும் அதேதான், உலையும் அதேதான். துருத்தியை மிதித்ததும் இரும்பு பழுத்துவிடுகிறது. காரில் இந்தத் துருத்தியை மிதிக்கத் தனி ஆள் தேவையில்லை. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

தம்பி பார்த்தது 121-ஐயும் 150-ஐயும். நான் அவனைப் பார்க்கச் சொன்னது கம்பெனி விவரத்தாளில் அந்த எண்களுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் ஆர்பிஎம்மை, அதாவது எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுழல்கிறது என்பதை. சிட்டி தன் 121 பிஎஸ்ஸை (பிஎஸ் என்பது குதிரைத்திறன் அலகு) தருவது 6600 ஆர்பிஎம்மில். அதன் உச்ச டார்க், அதாவது திருகு விசை, 145 என்எம் (நியூட்டன் மீட்டர்), அது வருவது 4300-இல். விர்டுஸ் ஜிடியின் 150 பிஎஸ் 5000-இலிருந்து 6000 வரை நிற்கிறது. டார்க் 250 என்எம். 1600-இல் வந்து 3500 வரை அப்படியே இருக்கிறது.

கடைக்காரரிடம் பேனா வாங்கி ஆர்சி நகலின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 2000 ஆர்பிஎம்மில் விர்டுஸுக்கு 52 கிலோவாட், அதாவது 71 பிஎஸ். சிட்டி தன் முழு 145 என்எம்மையும் 2000-இலேயே கொடுத்துவிடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 30 கிலோவாட்தான், 41 பிஎஸ். உச்சத்தில் 121-க்கும் 150-க்கும் உள்ள வித்தியாசம் கால்வாசிதான். 2000-இல் வித்தியாசம் ஏறக்குறைய முக்கால்வாசி. நாம் நாள் முழுக்க வண்டி ஓட்டுவது அந்த 2000-ஐச் சுற்றித்தான். கோரிப்பாளையம் சிக்னலிலோ தெற்குவாசல் நெரிசலிலோ யாரும் 6600-ஐப் பார்த்ததில்லை. திருமங்கலம் நான்குவழிச் சாலையில் ஆறாவது கியரில் நூறைத் தொட்டுப் போகும்போதும் முள் பெரும்பாலும் 2500-ஐ ஒட்டித்தான் இருக்கும்.

பேப்பரில் போட்ட கணக்கு போதாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை இரண்டு வண்டிகளையும் எடுத்துக்கொண்டு கொடைக்கானல் கிளம்பினோம். சிட்டி என் நண்பருடையது, விர்டுஸ் தம்பியின் ஆபீஸ் நண்பருடையது. வாடிப்பட்டி, கொடைரோடு, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று சமவெளியில் போனவரை இரண்டும் சளைக்கவில்லை. காலி ரோட்டில் நிதானமாக ஓட்டினால் சிட்டிதான் சுகம் என்றுகூடச் சொல்வேன். கிளட்ச் பஞ்சு மாதிரி, கியர் வெண்ணெய் மாதிரி.

காட்ரோடு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கதை மாறியது. எனக்கு முன்னால் ஒரு லாரி, சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு, கரும்புகையோடு ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரே நேராக நூற்றைம்பது மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கப்புறம் வளைவு. நான் அப்போது சிட்டியில், மூன்றாவது கியரில், 2000 ஆர்பிஎம். மிதித்தால் வண்டி அசைந்தது, அவ்வளவுதான். செகண்டுக்கு மாற்றி, முள் 4000-ஐத் தாண்டும் வரை காத்திருந்து, 5500-இல் எஞ்சின் பாடத் தொடங்கியபோதுதான் லாரியின் முன்சக்கரம் பக்கவாட்டில் வந்தது. தாண்டிவிட்டேன். ஆனால் அந்தத் தாண்டலை நான் முன்கூட்டியே யோசித்துக் கியரைத் தயாராக வைத்திருக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியே சொன்னான்: "அண்ணே, இது மூச்சு வாங்குதுண்ணே."

ஊத்து தாண்டி வண்டி மாற்றிக்கொண்டோம். அடுத்த லாரி கிடைத்தபோது நான் விர்டுஸில். அதே மூன்றாவது கியர், அதே 2000. மிதித்தேன். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதுகு சீட்டில் அழுந்தியது, லாரி கண்ணாடியில் பின்னால் போய்விட்டது. கியர் கம்பியை நான் தொடவே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளிலும் இதே கதைதான். செகண்ட் கியரில் 1700-க்கு விழுந்து வளைந்து வெளியே வரும்போது சிட்டி ஃபர்ஸ்ட் கியர் கேட்கிறது. விர்டுஸ் அங்கிருந்தே இழுத்துக்கொண்டு போகிறது.

பெருமாள்மலை வந்தபோது இன்னொன்று சேர்ந்துகொண்டது. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றின் எடைதான் பலம் என்றால், சிட்டியின் 121 அங்கே நூறுக்குக் கீழே போய்விடும். எந்த மெக்கானிக்காலும் இதைச் சரிசெய்ய முடியாது. இழுப்பதற்குக் காற்றே இல்லை. டர்போ அங்கே தன் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுழற்றி, கிடைக்கிற மெல்லிய காற்றையே கூடுதலாக அழுத்திப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. அமெரிக்காவில் 1918-இல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற எஞ்சினியர் விமான எஞ்சின் ஒன்றை 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோய், டர்போ மாட்டி ஓட்டிக் காட்டியது இதை நிரூபிக்கத்தான். உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு டர்போ ஏன் வேண்டும் என்பதும், கொடைக்கானல் போகிற காருக்கு ஏன் வேண்டும் என்பதும் ஒரே காரணம்தான்.

மதுரைக்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. சென்னைக்காரர் வருஷத்துக்கு ஒருமுறை மலை ஏறுவார். நமக்கு மேற்கே போனால் கொடைக்கானல், போடிமெட்டு, மேகமலை, குமுளி. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் காலடியில் மலை. லீவு கிடைத்தால் வண்டி தானாக அந்தப் பக்கம்தான் திரும்பும்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்போது சிட்டி தன் குணத்தைக் காட்டியது. ஈரத்தில் வளைவிலிருந்து வெளியே வரும்போது விர்டுஸில் கொஞ்சம் ஆர்வமாக மிதித்தால் முன்சக்கரம் வழுக்க, டிராக்ஷன் கண்ட்ரோல் விளக்கு மினுமினுத்தது. 250 என்எம் மொத்தமும் வளைந்திருக்கிற முன்சக்கரங்கள் வழியாகவே இறங்க வேண்டும், அதுவும் திடீரென்று வந்து இறங்குகிறது. சிட்டியில் எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவுதான் வருகிறது. ஈரத்திலும் இருட்டிலும் நம்பி ஓட்டலாம்.

இந்த இடத்தில்தான் என்.ஏ. எஞ்சின் மீது எனக்கு இருக்கிற காதலைச் சொல்ல வேண்டும். என்னிடம் இருப்பது பழைய 2001 ஹோண்டா சிட்டி விடெக். 1.5 லிட்டர், 106 குதிரைத்திறன். இன்றைய கணக்குக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு நத்தம் ரோட்டில், பறக்கும் பாலத்தை விட்டு இறங்கி, ஊர் அடங்கிக் கிடக்கிற நேரத்தில், செகண்ட் கியரில் முள்ளை 3000-இலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். முதலில் முனகல். பிறகு 5000-ஐ நெருங்கும்போது வால்வுகளைத் திறக்கும் கேம் மாறி, சத்தம் மெலிந்து கூராகி, நாதஸ்வரக்காரர் மேல் ஸ்தாயிக்குப் போன மாதிரி ஒரு திறப்பு. மீட்டரில் எஞ்சினின் வரம்பைக் காட்டும் சிவப்புக் கோடு வரை அது ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரில் கட்டைவிரலை இத்தனூண்டு அசைத்தால் வண்டி இத்தனூண்டு அசைகிறது. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு கயிறு இழுத்துக் கட்டியது போல.

டர்போவில் அந்தக் கயிறு இல்லாததற்குக் காரணம் எளிது. நீங்கள் மிதித்ததும் கூடுதல் காற்று வர வேண்டும். அதற்குச் சக்கரம் வேகம் பிடிக்க வேண்டும். அதற்குக் கூடுதல் புகை வர வேண்டும். அந்தப் புகை வருவதற்கு முதலில் எஞ்சின் கூடுதலாக எரிக்க வேண்டும். இந்தச் சுற்று முடிகிற இடைவெளிதான் டர்போ லேக். இதோடு இன்னொன்றைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1200 ஆர்பிஎம்மில் எத்தனை நொடி காத்திருந்தாலும் முழு பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் அழுத்தம்) வராது, ஏனென்றால் சக்கரத்தைச் சுழற்றும் அளவுக்கு அங்கே புகையே இல்லை. அது லேக் இல்லை, பூஸ்ட் தொடங்கும் வாசல். லேக் என்பது வாசலைத் தாண்டிய பிறகும் காத்திருக்க வேண்டிய நேரம். டெஸ்ட் டிரைவ் போகிறவர்கள் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மூன்றாவது கியரில் 1300-இலிருந்து மிதித்தால் வாசல் எங்கே என்று தெரியும். 2500-இல் சீராகப் போய்க்கொண்டே திடீரென்று மிதித்தால் லேக் எவ்வளவு என்று தெரியும்.

சின்ன டர்போ சீக்கிரம் சுழலும், லேக் குறைவு. ஆனால் 5500-க்கு மேல் அதற்கே மூச்சு முட்டும். பெரிய டர்போ மேலே கொட்டும், கீழே தூங்கும். நம் ஊரில் கம்பெனியிலிருந்து வருகிற டர்போ பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் சின்ன டர்போ ரகம். ஆகவே அவற்றில் சிவப்புக் கோடு வரை இழுத்து ஓட்டுவதில் ருசி இல்லை, 5000-இல் கியரை மாற்றிவிடுவதே நல்லது. சிவப்புக் கோட்டில்தான் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறவருக்கு இந்த வண்டி முதல் மாதம் பிரமிப்பாகவும் ஆறாவது மாதம் சலிப்பாகவும் இருக்கும். இதைச் சொல்லாமல் யாரையும் டர்போ வாங்கச் சொல்வது சரியில்லை.

லிட்டருக்கு 100 பிஎஸ் என்பதைச் சாதாரண ரோடு காரிலும் டர்போ இல்லாமல் எட்ட முடியும் என்று காட்டியது ஹோண்டா. 1989-இல் இன்டெக்ராவில் வந்த 1.6 லிட்டர் விடெக் 160 பிஎஸ் கொடுத்தது. பத்து வருஷம் கழித்து எஸ்2000-இன் இரண்டு லிட்டர் எஞ்சின் 9000 ஆர்பிஎம் வரை சுழன்று ஜப்பானில் 250 பிஎஸ் கொடுத்தது. அதே ஹோண்டா 2015-இல் சிவிக் டைப் ஆருக்கு டர்போ மாட்டி 310 பிஎஸ்ஸுக்குப் போனது. அதே வருஷம் ஃபெராரியும் 4.5 லிட்டர் என்.ஏ. எஞ்சினை விட்டுவிட்டு 488-இல் 3.9 லிட்டர் டர்போவுக்கு வந்தது. 570 பிஎஸ் 670 ஆனது. போர்ஷேயோ 911 ஜிடி3-இல் 9000 ஆர்பிஎம் சுழலும் 4 லிட்டர் என்.ஏ.வை விடாமல் வைத்திருக்கிறது. டிராக் ஓட்டுநர்கள் அதைத் தேடிப்போவது காரணமில்லாமல் இல்லை.

ஃபார்முலா ஒன்றிலும் இந்தச் சண்டை நடந்தது. 1977-இல் ரெனோ 1.5 லிட்டர் டர்போவோடு வந்தபோது மற்றவர்கள் 3 லிட்டர் என்.ஏ. வைத்திருந்தார்கள். ரெனோவின் எஞ்சின் அடிக்கடி புகைந்து நின்றதால் மஞ்சள் டீ கெண்டி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 1979-இல் அதே ரெனோதான் தன் அடுத்த டர்போ வண்டியில் பிரெஞ்சு கிராண்ட் பிரியை ஜெயித்தது. பிறகு எல்லோரும் டர்போவுக்கு மாறினார்கள். 1988-இல் மெக்லாரன் டர்போவோடு 16 பந்தயத்தில் 15-ஐ ஜெயித்தது. முன்பே முடிவு செய்திருந்தபடி 1989-இலிருந்து டர்போவுக்குத் தடை வந்தது. நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டியது மூன்று லிட்டர் வி10 என்.ஏ. 2014-இல் டர்போ திரும்பி வந்துவிட்டது.

சரி, மதுரைக்கு வருவோம். வெயில். அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரி என்பது நமக்கு அதிசயம் இல்லை. 25 டிகிரி காற்றோடு ஒப்பிட்டால் 40 டிகிரிக் காற்று 5 சதவீதம் அடர்த்தி குறைந்தது. என்.ஏ. எஞ்சின் அந்த அளவுக்கு லேசாகச் சோர்ந்துவிட்டு அப்படியே ஓடும். டர்போவுக்கு வெயில் வேறு விதமாகப் படுத்தும். காற்றை அழுத்தினால் சூடாகும், சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பகுதி சுடுகிறதே, அது போல. 40 டிகிரிக் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் அது 130 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். இன்டர்கூலர் அதைக் குளிரவைத்து உள்ளே அனுப்ப வேண்டும். ஆனால் குளிரவைக்க இருப்பதும் அதே வெயில்காற்றுதானே? ஒன்றிரண்டு முறை மிதித்தால் தெரியாது. தொடர்ந்து பத்து நிமிஷம் விரட்டினால் இன்டர்கூலர் சூட்டை உறிஞ்சி நிறைந்துவிடும். உள்ளே போகும் காற்று சூடானால் பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும், அதுதான் நாக்கிங். அதைத் தவிர்க்க எஞ்சினின் கம்ப்யூட்டரான இசியூ தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போடும், பூஸ்டையும் குறைக்கும். அப்போது 150 என்பது 150 இல்லை.

டிராக் போகிற ஆசை உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் திரும்ப ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சென்னையின் பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே மதிய வெயிலில் பத்து லேப் ஓட்டினால் முதல் லேப்பில் டர்போ ஓடிப்போகும், பத்தாவது லேப்பில் என்.ஏ. முதல் லேப்பில் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டக் கற்றுக்கொள்கிற ஆளுக்கு அந்த ஒரே சீரான குணம் பெரிய ஆசிரியர்.

பராமரிப்பில் எனக்குக் கிடைத்த அடி ஒன்று உண்டு. நடுவில் மூன்று வருஷம் ஒரு பழைய டர்போ ஹேட்ச்பேக் வைத்திருந்தேன். வழக்கமாக விடுகிற வொர்க்ஷாப்பில் எஞ்சின் ஆயில் எது ஊற்றினார்கள் என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒரு மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது பின்னால் நீலப்புகை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்புறம் மிதிக்கும்போதெல்லாம் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தபோது டர்போ தண்டு விரலால் அசைத்தால் ஆடியது. ஆயில் போகும் குழாயில் கருகிய கசடு. கம்பெனி சொன்ன தரம் ஒன்று, அவர்கள் ஊற்றியது வேறொன்று. மாற்ற வேண்டிய கிலோமீட்டரும் தள்ளிப்போயிருந்தது. எண்பதாயிரம் செலவு.

ஆயில் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சம் சுற்று சுழல்கிறது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டும்தான். ஒரு பக்கம் எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரி புகை. வண்டியை விரட்டிவிட்டு உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், நின்ற ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படியும். கொடைக்கானல் மலை ஏறிய கையோடு வெள்ளி அருவியில் நிறுத்தி, சட்டென்று ஆஃப் செய்துவிட்டு செல்ஃபிக்கு ஓடுகிறோமே, டர்போவுக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் இல்லை. புது வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் வைத்திருப்பதுண்டு. இருந்தாலும் கடைசி ஒரு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி, ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பதில் நமக்கு நஷ்டம் என்ன?

இன்னும் சில உண்டு. டர்போ எஞ்சின்கள் பெரும்பாலும் சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பீய்ச்சுபவை. இன்டேக் வால்வில் கரி படியும், சில வருஷத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டிவரலாம். சிட்டியில் பெட்ரோல் வால்வுக்குப் பின்னாலிருந்து தெளிக்கப்படுவதால் வால்வு கழுவப்பட்டுக்கொண்டே இருக்கும். டர்போவை ஆறாவது கியரில் 1300-இல் விட்டு முழுசாக மிதிப்பது கூடாது. கீழ் ஆர்பிஎம்மில் அதிக பூஸ்ட் வரும்போது பெட்ரோல் முன்கூட்டியே தீப்பிடித்துப் பிஸ்டனையே உடைக்கலாம். ஆக்டேன் கூடுதலான, அதாவது எளிதில் நாக்கிங் ஆகாத பெட்ரோலைப் போட்டால் டர்போவுக்கு உண்மையிலேயே பயன் உண்டு, சாதாரண என்.ஏ.வுக்கு அது பெரும்பாலும் காசு விரயம். மைலேஜ் பற்றி ஒரே வரி: நிதானமாக ஓட்டினால் இரண்டும் அண்ணன் தம்பி, விரட்டினால் டர்போ கூடுதலாகக் குடிக்கும்.

புது வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு பக்கத் தகவல். 2025 செப்டம்பர் 22-இலிருந்து நாலு மீட்டருக்குள், 1200 சிசிக்குள் இருக்கிற பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதைத் தாண்டினால் 40. பெரிய என்.ஏ. எஞ்சின் வைத்த சின்ன கார்கள் இங்கே அபூர்வமாக இருப்பதற்கும், ஒரு லிட்டர் டர்போக்கள் பெருகியதற்கும் இந்த மாதிரி வரிக் கோடும் ஒரு காரணம். கோடு முன்பும் அங்கேயேதான் இருந்தது. சிட்டியும் விர்டுஸும் இரண்டுமே கோட்டுக்கு அந்தப் பக்கம் என்பதால் இந்த ஒப்பீட்டில் வரி யாருக்கும் சாதகம் இல்லை.

தம்பி மூன்றாவதாக ஒரு யோசனை வைத்திருந்தான். சிட்டியை வாங்கி, வெளியே டர்போ கிட் மாட்டிவிட்டால்? வேண்டாம் என்றேன். டர்போவுக்கென்று வடிவமைத்த எஞ்சினில் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கூலிங், கிளட்ச் எல்லாமே அந்த அழுத்தத்துக்கு ஏற்றவை. என்.ஏ. எஞ்சினில் டர்போவை மட்டும் மாட்டினால் நாக்கிங்கில் பிஸ்டன் போகும். அதைத் தடுக்க கம்ப்ரஷனைக் குறைத்து, ஃபோர்ஜ்டு பிஸ்டன், பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், இன்டர்கூலர், புது இசியூ என்று போனால் இன்னொரு வண்டி வாங்கும் காசு. அதற்கு மேல், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு கம்பெனி கொடுத்த அமைப்பை இப்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கைவிரிக்க அது ஒன்றே போதும். என்.ஏ.வில் ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று மாற்றினால் கிடைப்பது பெரும்பாலும் சத்தம், ஐந்தோ ஆறோ குதிரை. டர்போவில் வெறும் ரீமேப்பிலேயே, அதாவது இசியூவின் புரோகிராமை மாற்றினாலே, இருபது முப்பது கூடும். அதனால்தான் செகண்ட் ஹேண்டில் டர்போ வாங்கும்போது முந்தைய ஓனர் ரீமேப் செய்து வதக்கிவிட்டாரா என்று பார்ப்பது கட்டாயம்.

கடைசியில் அவனுக்கு நான் சொன்னது டர்போ. அவன் மாதத்துக்கு இரண்டு முறை போடிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவன், வாரத்தில் நாலு நாள் நான்குவழிச் சாலையில் திருமங்கலம் போய்வருகிறவன், கப்பலூர் டோல் தாண்டிப் பஸ்ஸையும் டேங்கரையும் முந்த வேண்டியவன். அவனுக்குத் தேவையான பலம் 1600-க்கும் 3500-க்கும் நடுவே இருக்கிறது. அங்கே விர்டுஸுக்கு முன்னால் சிட்டி நிற்க முடியாது. மலை ரோட்டில் முந்தும்போது எதிர்ப்பக்கத்தில் கழிக்கிற நொடிகள் குறைவதை நான் உல்லாசமாக நினைக்கவில்லை, பாதுகாப்பாக நினைக்கிறேன்.

அதே கேள்வியை வேறொருவர் கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்கும். வண்டியைப் பதினைந்து வருஷம் வைத்துக்கொள்ளப் போகிறவர், சர்வீஸ் தேதியை மறந்துவிடுகிற ஆள், வருஷத்துக்கு நாலு முறையாவது டிராக்குக்குப் போகிறவர், அல்லது நத்தம் ரோட்டில் நான் கேட்கிற அந்த மேல் ஸ்தாயிக்காகவே விடிகாலையில் எழுந்திருக்கிறவர், இவர்களுக்கு என்.ஏ. தான். என் விடெக்கை நான் விற்கப் போவதில்லை.

வாங்குவதற்கு முன் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய், விர்டுஸை இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிறகு காலையில் ஸ்டார்ட் செய்யச் சொன்னோம். புகை இல்லை. இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே துணி விட்டுத் துடைத்தார். லேசான ஈரம், ஆயில் தேங்கவில்லை. சர்வீஸ் புத்தகத்தில் ஒவ்வொரு ஆயில் மாற்றமும் தேதியோடு இருந்தது. மூன்றாவது கியரில் இழுத்துப் பார்த்தபோது சைரன் சத்தம் இல்லை, மெல்லிய சீழ்க்கை மட்டும்தான். முன்பணம் கொடுத்துவிட்டான்.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு காலை போன். பின்னால் அருவி இரைச்சல், குழந்தைகள் சத்தம்.

"அண்ணே, வெள்ளி அருவிக்கு வந்துட்டோம். நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு. இப்ப ஆஃப் பண்ணிரவா?"

"பண்ணிருப்பா," என்றேன்.